மேட்டில் தெரியும் பழுது, சமவெளியில் தெரியும் பழுது: கியா பார்ம் சாலையில் ஈ.ஜி.ஆர் கோளாறுகளைக் கண்டறிதல்

முன்னுரை

கேமரன் மலையில் பிரிஞ்சாங் நகரைத் தாண்டியவுடன் வருவது கியா பார்ம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இச்சிற்றூர் காய்கறிச் சந்தைக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் பெயர் பெற்றது. சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கும் பிரிஞ்சாங் மலையுச்சிக்கும் செல்லும் சாலை இதையடுத்தே பிரிகிறது. தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா வழியாகவும், சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாகவும் இங்கு வந்து சேரலாம். எவ்வழியில் வந்தாலும் வெயில் சுடும் சமவெளியில் புறப்பட்ட வண்டி இரண்டு மணி நேரத்திற்குள் குளிரும் மேட்டில் வந்து நிற்கும்.

இச்சாலையில் ஓடும் மகிழுந்துகளும் பிக்கப் வண்டிகளும் அடிக்கடி பட்டறைக்குக் கொண்டுவரும் குறைகளுள் ஒன்று வெளியேற்றவாயு மறுசுழற்சி அமைப்பின் கோளாறு. பட்டறைகளில் இதை 'ஈ.ஜி.ஆர்' என்றே அழைப்பர். இக்கட்டுரையிலும் அப்பெயரே கையாளப்படுகிறது. ஸ்கேனர் ஒரு பழுதுக்குறியைக் காட்டியதும் வால்வையே மாற்றிவிடுவது பலரின் வழக்கம். பல நூறு ரிங்கிட் கைமாறிய பிறகும் அதே விளக்கு மீண்டும் எரிவதுண்டு. குறி காட்டுவது நோயின் அறிகுறியை மட்டுமே. நோயின் இடத்தை நாம்தான் தேட வேண்டும். அத்தேடலுக்கு மலைச்சாலையின் உயர வேறுபாடே ஒரு நல்ல கருவியாக அமையும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈ.ஜி.ஆர் செய்யும் வேலை

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரண வெப்பத்தில் அது ஆக்சிஜனோடு சேர்வதில்லை. ஆனால் சிலிண்டருக்குள் எரியும் வெப்பம் ஏறத்தாழ 1,370 செல்சியஸ் பாகையைத் தாண்டும்போது இரண்டும் வேகமாகச் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. இவை நுரையீரலுக்குக் கேடானவை. மேலும், வெயிலில் வேறு வாயுக்களுடன் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனையும் உண்டாக்குகின்றன. அந்த ஓசோன் மனிதரின் மூச்சையும் பயிரின் இலையையும் ஒருசேரத் தாக்கும்.

இதைக் குறைக்க ஓர் எளிய வழி கண்டறியப்பட்டது. எரிந்து முடிந்த புகையில் ஒரு பகுதியை எடுத்து மீண்டும் உள்ளிழுப்புக் குழாய்க்கே அனுப்புவதுதான் அவ்வழி. அப்புகை மறுபடி எரியாது. அதிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே ஆக்சிஜனின் பங்கும் குறையும். எனவே எரியும் வெப்பம் தணிகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மகிழுந்துகளில் பரவிய இம்முறை, பின்னர் உலகெங்கும் பெட்ரோல், டீசல் ஆகிய இருவகை இயந்திரங்களிலும் இடம்பெற்றது. கேமரன் மலையின் அடையாளமாகிவிட்ட பழைய லேண்ட்ரோவர் வண்டிகளில் இவ்வமைப்பு கிடையாது. அவற்றின் இடத்தைப் பிடித்துவரும் புதிய டீசல் பிக்கப்களில் இது உண்டு. பழைய வண்டியில் கைதேர்ந்த மெக்கானிக்கும் இதைப் புதிதாகக் கற்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இவ்வமைப்பின் உறுப்புகள் சிலவே: புகைக் குழாயிலிருந்து வரும் பாதை, அதைத் திறந்து மூடும் வால்வு, டீசல் வண்டிகளில் புகையைத் தணிக்கும் கூலர், வால்வின் நிலையைச் சொல்லும் உணரி, கட்டளையிடும் இயந்திரக் கணினி. பெட்ரோல் இயந்திரத்தில் வண்டி நின்று ஐட்லிங் ஓடும்போதும், மிதி முழுவதும் அழுத்தப்படும்போதும் வால்வு மூடியிருக்கும். சீரான ஓட்டத்தில் மட்டும் திறக்கும். டீசல் இயந்திரத்தில் பொதுவாக ஐட்லிங்கிலும் மெதுவான ஓட்டத்திலுமே அது அதிகம் திறந்திருக்கும். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்தாமல் சோதனையில் இறங்கினால் நல்ல வால்வும் கெட்டதாகத் தோன்றும்.

மலை வாழ்க்கை வால்வுக்கு ஏன் பகை?

விடுமுறை நாள்களில் கியா பார்ம் சந்தையருகே வண்டிகள் ஊர்ந்து செல்வதைக் கண்டிருப்போம். தோட்டத்து வண்டிகளோ விளைநிலத்திலிருந்து பொதிகட்டும் கொட்டகை வரை குறுகிய தூரமே ஓடி, இயந்திரம் சூடேறுவதற்குள் நின்றுவிடுகின்றன. இவ்விரு பழக்கங்களும் கரி படிவதற்கு ஏற்றவை. டீசல் கரியோடு இயந்திரத்தின் எண்ணெய் ஆவியும் கலந்தால் தார் போன்ற பிசின் உண்டாகும். அது வால்வின் இருக்கையிலும் குழாயின் வளைவுகளிலும் அப்பிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் சூடாக ஓடும் வண்டியைவிட மலையில் குறுந்தூரம் ஓடும் வண்டி விரைவில் அடைபடுவதற்கு இதுவே காரணம்.

இருவகைப் பழுது, இருவேறு இடம்

ஈ.ஜி.ஆர் கோளாறுகள் எத்தனை வகைப்பட்டாலும் அவற்றை இரண்டாகப் பகுக்கலாம். ஒன்று, புகை தேவைக்கு அதிகமாக ஓடுவது; மற்றொன்று, தேவைக்குக் குறைவாக ஓடுவது. முன்னதற்கு பி0402, பின்னதற்கு பி0401 என்பன பொதுவான குறிகள். பி0403 மின்சுற்றுக் கோளாற்றையும், பி0404 வால்வு கட்டளைப்படி நகராமையையும், பி0405, பி0406 ஆகியவை நிலை உணரியின் தாழ்ந்த, உயர்ந்த மின்குறிகளையும் சுட்டும்.

இனி உயரத்தின் பங்கைக் காண்போம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 1,600 மீட்டரில் அது ஏறத்தாழ 83 அல்லது 84 கிலோபாஸ்கல் மட்டுமே. அதாவது, இயந்திரம் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது.

காற்று குறைந்த இடத்தில் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் என்னவாகும்? இருக்கும் கொஞ்சக் காற்றின் இடத்தையும் புகை பிடித்துக்கொள்ளும். டர்போ பொருத்திய டீசல் வண்டியில் இன்னொரு கேடும் உண்டு. டர்போவின் சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய புகை, வால்வு வழியே நழுவிவிடும். சக்கரம் மெலிந்து சுழல, காற்றழுத்தம் ஏறாது. வண்டி கருப்புப் புகை கக்கித் திணறும். தாப்பாவில் ஓட்டுநர் உணராத இக்குறை, ரிங்லெட்டைத் தாண்டிச் சுமையோடு ஏறும்போது வெளிப்பட்டுவிடும். 'டர்போ போய்விட்டது' என்ற தவறான தீர்ப்பு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

மாறாக, பாதை அடைபட்டுப் புகை குறைவாக ஓடும் பெட்ரோல் மகிழுந்தை எண்ணிப் பாருங்கள். உள்ளே வெப்பம் மிகுந்து, எரிபொருள் நேரந்தவறி வெடிக்கும். 'டிக் டிக்' என்ற தட்டல் ஓசை கேட்கும். ஆனால் டர்போ இல்லாத இயந்திரத்தில், மேட்டின் மெல்லிய காற்றால் சிலிண்டரின் அழுத்தமே தணிந்திருக்கும். குளிர்ந்த காற்றும் துணைபுரியும். ஆகவே கியா பார்மில் அவ்வோசை மறைந்து, தாப்பாவின் நண்பகல் வெயிலில்தான் அது வெளிப்படும்.

சுருங்கக் கூறின், அதிகம் ஓடும் பழுது மேட்டில் தெரியும். குறைவாக ஓடும் பழுது சமவெளியில் தெரியும். இது இரும்பு விதியன்று. எனினும் தேடலைத் தொடங்க இதைவிட மலிவான வழி வேறில்லை. ஆகவே ஸ்கேனரைச் செருகும் முன்னர் ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அண்ணே, எந்த இடத்தில் வண்டி மக்கர் பண்ணுது? ஏறும்போதா, இறங்கிய பிறகா?" என்பதே.

கண்டறியும் முறை

படி 1: குறியும் அதன் சூழலும். குறியை அழிப்பதற்கு முன், அது பதிவான நொடியில் கணினி சேமித்து வைத்த விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேகம், இயந்திரச் சுமை, குளிர்நீரின் வெப்பம் ஆகியவை அங்கே இருக்கும். சில வண்டிகளில் காற்றழுத்தமும் இருக்கும். 95 கிலோபாஸ்கல் என்றால் சுமார் 500 மீட்டர் உயரம். ரிங்லெட்டுக்கு வெகு கீழே. 83 என்றால் கியா பார்ம் வட்டாரம். மலைச்சாலையில் இந்த எண் ஒரு மைல்கல்லைப் போல் இடத்தைச் சொல்லிவிடும்.

படி 2: சாட்சியைச் சோதித்தல். பல பெட்ரோல் வண்டிகளில் உள்ளிழுப்புக் குழாயின் அழுத்த மாற்றத்தைக் கொண்டே ஈ.ஜி.ஆர் ஓட்டத்தைக் கணினி அளக்கிறது. அந்த அழுத்த உணரியே பொய் சொன்னால் குறியும் பொய்யாகும். சாவியைத் திருப்பி, இயந்திரத்தைக் கிளப்பாமல் அதன் அளவைப் பாருங்கள். கியா பார்மில் 83 அல்லது 84 காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் உணரி பழுது. வால்வைத் தொட வேண்டியதில்லை. சமவெளிப் பட்டறையில் 100 என்பதுதான் சரியான விடை என்பதையும் மறக்கலாகாது.

வெற்றிடமானியைப் பயன்படுத்துவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நல்ல பெட்ரோல் இயந்திரம் ஐட்லிங்கில் தாப்பாவில் 18 முதல் 20 அங்குலப் பாதரசம் காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். எனவே கியா பார்மில் 13 முதல் 15 வரை இருப்பதே இயல்பு. நூலில் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து, 'வெற்றிடம் குறைவு, வால்வு திறந்தே கிடக்கிறது' என்று முடிவுகட்டுவது நலமான இயந்திரத்திற்கு நோய் சுமத்துவதாகும்.

படி 3: சுற்றுப்புறத்தைப் பார்த்தல். காற்று வடிகட்டி அடைபட்டுள்ளதா? டர்போவின் ரப்பர் குழாய் கிழிந்துள்ளதா? வெற்றிடக் குழாய் விரிசல் கண்டுள்ளதா? குளிர்நீர் உரிய சூட்டை அடைகிறதா? தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருந்தால் மலைக்குளிரில் இயந்திரம் சூடேறாது. சூடேறாத இயந்திரத்தில் கணினி ஈ.ஜி.ஆரைத் திறக்க அனுமதிக்காது. ஆகையால் ஒரு தெர்மோஸ்டாட்டின் குறை ஈ.ஜி.ஆரின் குறையாகத் தோற்றமளிக்கக்கூடும்.

படி 4: கட்டளையிட்டு விடையைக் கேட்டல். சோதனையின் உயிர்நாடி இதுவே. மின்வால்வு உள்ள வண்டியில் ஸ்கேனர் வழியாக வால்வைத் திறக்கவும் மூடவும் கட்டளையிடலாம். மூன்று எண்களை ஒருசேரக் கவனியுங்கள்: கட்டளை, வால்வின் நிலை, உள்ளே செல்லும் காற்றின் அளவு. டீசல் இயந்திரத்தில் வால்வு திறந்தால் புகை இடம்பிடிப்பதால் புதுக்காற்று குறைய வேண்டும். மூடினால் கூட வேண்டும். விடைகளை இவ்வாறு பகுக்கலாம்:

அ) கட்டளை மாறுகிறது, நிலை மாறவில்லை: வால்வு சிக்கியுள்ளது, அல்லது மின்கம்பி, இணைப்பி, மோட்டார் ஆகியவற்றில் குறை. முதலில் இணைப்பியில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும்.

ஆ) கட்டளையும் நிலையும் மாறுகின்றன, காற்றளவு மாறவில்லை: வால்வு நலம், பாதையோ கூலரோ அடைபட்டுள்ளது. இங்கே புது வால்வு வாங்குவது வீண்செலவு.

இ) மூடு என்று கட்டளையிட்டும் நிலை சுழியத்திற்கு வரவில்லை: இருக்கையில் கரித்துண்டு சிக்கியுள்ளது.

ஈ) மூன்றும் ஒழுங்காக மாறுகின்றன: இப்போதைக்கு ஈ.ஜி.ஆர் குற்றவாளி அன்று. சூட்டிலோ அதிர்விலோ மட்டும் விட்டுப்போகும் மின்னிணைப்பைத் தேட வேண்டும்.

வெற்றிடத்தால் இயங்கும் பழைய வகை வால்வு உள்ள பெட்ரோல் வண்டியில் கைப்பம்பே போதும். இயந்திரம் ஐட்லிங்கில் ஓடும்போது வால்வுக்கு வெற்றிடம் கொடுங்கள். இயந்திரம் தடுமாறினாலோ நின்றாலோ வால்வும் பாதையும் நலம். குறை கட்டளைப் பகுதியில் உள்ளது. மாற்றம் ஏதுமின்றி, பம்பின் முள்ளும் அசையாமல் நின்றால் பாதை அடைபட்டிருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. முள் உடனே விழுந்தால் வால்வின் உள்தோல் கிழிந்துள்ளது.

படி 5: கூலரை மறவாமை. டீசல் வண்டியில் வெளியே கசிவு தெரியாமல் குளிர்நீர் குறைகிறதா? காலையில் கிளப்பும்போது இனிப்பு வாடையுடன் வெண்புகை வருகிறதா? சிலிண்டர் தலை கேஸ்கெட்டைப் பழிப்பதற்கு முன் கூலரை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இது அசட்டை செய்யத்தக்க குறையன்று. 2018ஆம் ஆண்டு தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் மகிழுந்துகள் பல தீப்பற்றிய நிகழ்வுகளுக்கு ஈ.ஜி.ஆர் கூலரின் கசிவே காரணமாகக் கூறப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கசிந்த குளிர்நீரும் கரியும் சேர்ந்த படிவு, சூடான புகை பட்டு எரிந்ததே அதன் சாரம்.

ஓர் எடுத்துக்காட்டு

காய்கறி ஏற்றும் டீசல் பிக்கப் ஒன்றைக் கற்பனை செய்வோம். தாப்பாவில் நன்றாக ஓடுகிறது. தானா ராத்தாவை நெருங்கும்போது இழுவை குன்றிக் கரும்புகை விடுகிறது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. டர்போவை மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லியாயிற்று.

மேட்டில் தெரிவதால் அதிகம் ஓடும் பழுது என ஐயுறுகிறோம். சாவி திருப்பிய நிலையில் அழுத்த உணரி 84 காட்டுகிறது, உணரி நலம். வடிகட்டியும் குழாய்களும் நலம். ஐட்லிங்கில் வால்வை மூடக் கட்டளையிட்டால் நிலை 12 விழுக்காட்டில் நின்றுவிடுகிறது. காற்றளவும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மேற்கண்ட 'இ' பிரிவு இதுவே. வால்வைக் கழற்றினால் இருக்கையில் பட்டாணி அளவு கரி. துப்புரவு செய்து, புதுக் கேஸ்கெட் இட்டு, ஸ்கேனர் வழியாகச் சுழிய நிலையைக் கணினிக்கு மீண்டும் கற்பித்தால் வேலை முடிந்தது. டர்போவின் விலையும் கேஸ்கெட்டின் விலையும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அவ்வேறுபாடு ஒரு சிறு விவசாயியின் பல வாரச் சம்பாத்தியமாக இருக்கலாம்.

துப்புரவில் சில கவனங்கள் தேவை. இயந்திரம் ஆறிய பின்னரே கழற்ற வேண்டும். கரித்தூளைச் சுவாசிக்காதிருக்க முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். துப்புரவுத் திரவம் மோட்டாரிலும் உணரியிலும் படக்கூடாது. மின்வால்வைக் கையால் பலவந்தமாக நகர்த்தவும் கூடாது. சுரண்டிய துண்டுகள் உள்ளிழுப்புக் குழாய்க்குள் விழுந்தால் சிறு பழுது பெரும்பழுதாகிவிடும்.

தகடு வைத்து அடைப்பது தீர்வாகுமா?

வால்வின் வாயில் ஓர் இரும்புத் தகட்டை வைத்து அடைத்துவிட்டால் தொல்லை விட்டது என்போர் உளர். டீசல் வண்டியில் அவ்வாறு செய்தால் கரி படிவது குறையும். வண்டி சற்றுத் துடிப்பாக ஓடுவதாகவும் தோன்றும். ஓட்டுநரின் கண்ணுக்குத் தீமை ஏதும் தெரியாது. சிக்கலே அதுதான். நைட்ரஜன் ஆக்சைடின் பெரும்பகுதி நிறமற்றது. அளவு பன்மடங்கு கூடினாலும் கண்ணால் காண இயலாது. மலேசியாவில் 1996ஆம் ஆண்டு டீசல் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் புகையின் கருமையை 50 ஹார்ட்ரிட்ஜ் அலகுக்குள் வைக்கச் சொல்கின்றன. கருமையை அளக்கும் கருவி நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. ஆகவே தகடு வைத்த வண்டியும் அந்தச் சோதனையில் தேறிவிடக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாததால் ஏமாற்றுவது எளிது என்பதை உலகம் 2015ஆம் ஆண்டு கண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 18ஆம் நாள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வோக்ஸ்வேகன் மீது குற்றஞ்சாட்டியது. சோதனைக் கூடத்தில் மட்டும் தூய்மைக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கிவிட்டு, சாலையில் அதைத் தளர்த்தும் மென்பொருள் அவ்வண்டிகளில் இருந்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அம்மென்பொருள் இருந்ததை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. மென்பொருளால் செய்தாலும் தகட்டால் செய்தாலும் விளைவு ஒன்றே.

அவ்விளைவை யார் சுமக்கிறார்? கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே அமர்ந்திருக்கும் சுற்றுப்பயணி அல்லர். கியா பார்மில் ஊர்ந்து செல்லும் வண்டி வரிசையின் ஓரத்தில், காலை முதல் மாலை வரை கடை விரித்து நிற்கும் வியாபாரியும், சாலையோரத் தோட்டத்தில் குனிந்து வேலை செய்யும் தொழிலாளியுமே அக்காற்றைச் சுவாசிக்கின்றனர்.

முடிவுரை

ஈ.ஜி.ஆர் கோளாற்றைக் கண்டறிவதற்கு விலையுயர்ந்த கருவிகளைவிட ஒழுங்கான கேள்விகளே முதன்மையானவை. எந்த இடத்தில் தெரிகிறது? அதிகமா, குறைவா? உணரி உண்மை சொல்கிறதா? கட்டளை, நிலை, காற்றளவு ஆகிய மூன்றில் எங்கே சங்கிலி அறுகிறது? இந்நான்கிற்கும் விடை கண்ட பின்னரே திருப்புளியைக் கையிலெடுக்க வேண்டும். நோய்நாடி நோய்முதல் நாடுவது மருத்துவருக்கு மட்டும் உரிய நெறியன்று. பட்டறைக்கும் அதுவே நெறி.

பொறியியல் பயிலும் மாணவர்கள் அடுத்த முறை கேமரன் மலைக்குச் செல்லும்போது ஒரு ஸ்கேனரை வண்டியில் பொருத்தி, தாப்பாவிலும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் கியா பார்மிலும் காற்றழுத்தத்தைக் குறித்துப் பார்க்கலாம். 100இல் தொடங்கும் எண் படிப்படியாக 83ஐ நோக்கி இறங்குவதைக் கண்ணால் கண்டவர், மேட்டில் நிற்கும் வண்டியைச் சமவெளியின் எண்ணைக் கொண்டு அளக்கமாட்டார்.